இருபது நாள் மூத்தவள்

கும்மிடிப்பூண்டி
28.9.2002

என் சம்பந்தி அம்மா ரஷீதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் வருங்கால மருமகனும் சுகம். உன் சுகத்தையும் ஜைனபின் சுகத்தையும் எழுது. அவளுடையதை முதலில் எழுது.

நாற்பது முடிந்து தலைக்கு ஊற்றிவிட்டார்கள். பிள்ளைக்கு இத்ரீஸ் என்று பெயர். உனக்கு ஜைனபு பிறந்து இருபது நாள் கழித்துத்தான் இவன் பிறந்தான் என்பதை மாமியிடம் நான் சொல்லவில்லை. பெண் மூத்தவள் என்று தெரிந்தால் இப்போதே சம்பந்தத்தை முறித்துவிடுவார். கல்லூரி ஹாஸ்டலில் தட்டு கழுவிக்கொண்டே நாம் பேசி முடித்த சம்பந்தம். அதை நான் விடுவதாக இல்லை.

போனில் பேசக் கூடாதா என்று கேட்டிருந்தாய். போன் கீழே கடையில், மாமனாரின் கை எட்டும் இடத்தில் இருக்கிறது. போல்ட்டும் கம்பியும் வாங்க வருகிற சிப்காட் கம்பெனி ஆட்கள் எந்நேரமும் நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவே நின்று பிள்ளைக்குப் பால் போதவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. எழுதினால்தான் எனக்குப் பேச்சு வரும், உனக்குத் தெரியாததா.

அம்மா இல்லாத பெண் என்று மாமி ஒரு குறையும் வைக்கவில்லை. பால்காரர் மணவாளன் மாட்டையே வாசலுக்கு ஓட்டி வந்து கண்ணெதிரே கறந்து தருகிறார். பூண்டு போட்டுக் காய்ச்சி காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. "குடிம்மே. மாட்டுப் பாலு உள்ள போனாத்தான் தாய்ப் பாலு வெளிய வரும்" என்கிறார். குடிக்கிறேன். நீ துளசிராமன் அண்ணனின் மீன் வண்டியில் அனுப்பிய பால் சுறாவைப் புட்டு செய்தோம். மாமியே இரண்டு முறை போட்டுக்கொண்டார்.

பிள்ளை பால் குடிக்கும்போது ஒரு கையில் புத்தகம் பிடிக்கப் பழகிவிட்டேன். பக்கம் திருப்பத்தான் கை இல்லை. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அதுவும் ஒரு சுகமாகத்தான் இருக்கிறது.

உன் சமீனா


பழவேற்காடு
12.10.2002

மாப்பிள்ளை வீட்டாருக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். பெண் கொழுகொழுவென்று இருக்கிறாள். பெண்ணைப் பெற்றவள் குச்சியாக இருக்கிறாள். நீ கேட்ட வரிசையில் எழுதிவிட்டேன்.

நேற்று முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். என்னைப் பார்த்து இல்லை. பகலெல்லாம் மடியில் போட்டுப் பால் கொடுப்பவளைப் பார்த்து ஒரு முறைப்பு. இறால் வாடையோடு வீட்டுக்குள் நுழைகிற மனுஷனைப் பார்த்துச் சிரிப்பு. "பாத்தியா, எம் பொண்ணுக்கு மனுசாளு தெரியுது" என்று என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

பூண்டுப் பாலை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. ஹாஸ்டலில் என் டம்ளர் பாலையும் நீதானே குடித்தாய்? இங்கேயும் காய்ச்சிக் கொடுத்தார்கள். நான் ஜன்னல் வழியாக ஊற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பூனை பெருத்துப்போனதைப் பார்த்து என் மாமியார் கண்டுபிடித்துவிட்டார். "பாலு குடிக்காத கழுதைக்கு எங்கேர்ந்துடி பாலு வரும்?" என்றார். வந்துகொண்டுதான் இருக்கிறது. கருப்பு டீயும் மீனும்தான் என் பத்தியம். ஜைனபு குடித்தது போக நெஞ்சு கனத்து வலிக்கிறது.

வயது விஷயத்தை நானும் யாரிடமும் சொல்லவில்லை. பெண் கொஞ்சம் உயரமாக வளர்ந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் கவலை.

அடுத்த வாரமும் சுறா வரும்.

ரஷீதா


கும்மிடிப்பூண்டி
5.11.2002

அன்புள்ள சம்பந்திக்கு,

ஸலாம். நீயும் ஜைனபும் சுகம்தானே? நான் சுகம். இத்ரீஸ் சுகம் என்று எழுத வரவில்லை.

மூன்று வாரமாக அவன் கன்னத்தில் செதிள் செதிளாகத் தடிப்பு. முழங்கை மடிப்பில் நீர் கசிகிறது. கையைக் கட்டிவைக்காவிட்டால் சொறிந்து ரத்தம் வரவைத்துக்கொள்கிறான். துணியில் மலத்தோடு ஒரு சிவப்பு இழையும் பார்த்தேன். ஒரு முறைதான். கண் மயக்கமாக இருக்கலாம்.

மாமி பிள்ளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "மூஞ்செல்லாம் கரப்பான் ஏறிக்கினு கீது. இன்னா துன்ன நீ? அந்தச் சுறாதான். வாரா வாரம் மீன வாங்கித் துன்னுட்டு புள்ளைக்குக் குட்த்தா வேற இன்னா வரும்?"

கரப்பானுக்கு மீன் ஆகாது என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். மீன், கருவாடு, கத்தரிக்காய் எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. மீன் இல்லாமல் பால் குறைந்துவிடக் கூடாதே என்று மாமி மணவாளனிடம் பாலைக் கூட்டி வாங்குகிறார். இப்போது மத்தியானமும் ஒரு சொம்பு.

எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். இனிமேல் சுறா அனுப்ப வேண்டாம், ரஷீதா. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. துளசிராமன் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன்.

நாளை நோன்பு தொடங்குகிறது. எனக்கு இந்த வருஷம் இல்லை. இருந்தும் எனக்கு எதுவும் இறங்கவில்லை.

உன் சமீனா


பழவேற்காடு
16.11.2002

அன்புள்ள சம்பந்திக்கு,

ஸலாம். தப்பாக எடுத்துக்கொண்டேன். ஒரு பகல் முழுக்க. பிறகு விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நான் வாரத்தில் ஆறு நாள் மீன் தின்கிறேன். என் பெண் கன்னம் மாவு உருண்டை மாதிரி இருக்கிறது. சுறாவுக்குப் பழவேற்காட்டுப் பிள்ளை ஒன்று, கும்மிடிப்பூண்டிப் பிள்ளை ஒன்றா? நீயும் விலங்கியல் படித்தவள்தானே. கரப்பானைத் தெருவில் கேட்காமல் டாக்டரிடம் கேள். அந்தச் சிவப்பு இழையைக் கட்டாயம் சொல். கண் மயக்கம் என்று நீயே உன்னை ஏமாற்றிக்கொள்ளாதே.

இங்கே விடாத மழை. ஏரித் தண்ணீர் தெரு முனை வரை வந்துவிட்டது. ஜைனபுக்கு இரண்டு நாளாக உடம்பு சூடு. மழைக்காலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருப்பதுதான். பால் குடிப்பதைக் குறைத்துவிட்டாள். பொன்னேரியில் காட்டி மருந்து வாங்கி வந்தோம்.

உன் பதில் வரும்போது அவள் சரியாகியிருப்பாள்.

ரஷீதா


கும்மிடிப்பூண்டி
28.11.2002

அன்புள்ள சம்பந்திக்கு,

ஸலாம். ஜைனபின் சூடு விட்டதா? மறக்காமல் எழுது.

நீ சொன்னபடி டாக்டரிடம் காட்டினோம். தோலுக்குக் களிம்பு கொடுத்தார். நான் சிவப்பு இழையைச் சொல்ல வாயெடுத்தபோது மாமி "சூடு பிடிச்சிருக்கும்" என்று முடித்துவிட்டார். இப்போது அந்த இழை தினமும் வருகிறது. எடை ஏறவில்லை. குடித்ததும் முறுக்கிக்கொண்டு அழுகிறான்.

மீனை நிறுத்தியும் குறையவில்லை என்றதும் மாமியின் பார்வை மாறிவிட்டது. முந்தாநாள் பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "மீனு மேல தப்பில்ல. இவ பாலுதான் கெட்ட பாலு. புள்ளைக்கு ஒத்துக்கல." என் வீட்டுக்காரர் ஷாகிரிடம் சொன்னேன். "அம்மா நாலு பெத்தவங்க சமீனா. சும்மாவா சொல்வாங்க?" என்று கணக்குப் பார்க்கக் கீழே போய்விட்டார்.

நம் பாடப்புத்தகத்தில் ஒரு படம் இருக்குமே, தாயின் பாலிலிருந்து எதிர்ப்பொருள்கள் பிள்ளையின் குடலுக்குப் போவது போல. பரீட்சைக்கு முந்தின நாள் நீ எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாய். கிருமி வந்தால் தாய் வாசலில் நின்று தடுக்கிறாள் என்று. நான் எந்த வாசலில் நிற்கிறேன் என்று தெரியவில்லை.

டின் பால் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்கள். நான் இன்னும் சம்மதிக்கவில்லை. உன் பதில் வரட்டும்.

சமீனா


பழவேற்காடு
30.12.2002

அன்புள்ள சமீனாவுக்கு,

ஸலாம். தாமதத்துக்கு ஏதாவது காரணம் எழுத வேண்டும். முடியவில்லை.

ஜைனபின் சூட்டைக் கேட்டிருந்தாய். இப்போது சூடு இல்லை.

பெருநாள் வந்து போனது. இந்த வருஷம் நாங்கள் துணி எடுக்கவில்லை. மழை விட்டுப் பனி பெய்கிறது. இந்தப் பனியில் எங்கே தேடினார்களோ, வீட்டில் தினமும் மல்லிகைப்பூ வாங்கி வருகிறார்கள். எனக்கு அந்த வாசம் இப்போது பிடிக்கவில்லை.

நீ பாலை நிறுத்தாதே, சமீனா. யார் சொன்னாலும் நிறுத்தாதே. அவன் வாய் வைக்கிற வரைக்கும் கொடு. வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ரஷீதா


கும்மிடிப்பூண்டி
14.1.2003

அன்புள்ள ரஷீதாவுக்கு,

ஸலாம். உன் கடிதம் வந்தபோது நான் ஏற்கெனவே நிறுத்தியிருந்தேன். உன் மேல் தப்பில்லை, தபால் மேலும் இல்லை. ஒரு மாதம் எல்லோரோடும் பேசினேன். பிறகு பேச முடியவில்லை.

பால் வற்றுவதற்கு மல்லிகையைச் சரமாகக் கட்டி மாரில் வைத்து இறுக்கிவிட்டார்கள். வாடினதும் எடுத்துவிட்டுப் புதுச் சரம். நாலாம் நாள் நெஞ்சு காலியாகிவிட்டது. அதுவரை கஞ்சித் தண்ணீர், அதன் பிறகுதான் டின் பால். முதல் முறை அரை பாட்டில் குடித்தான். உதடு வீங்கியது. உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்தது. பிறகு துணி மாதிரி துவண்டுவிட்டான். ஷாகிர் கடைக்கு இரும்பு இறக்க வந்திருந்த லாரியிலேயே எங்களை ஏற்றிக்கொண்டு ஓடினார். இங்கிருந்து மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி.

அங்கே ஒரு குழந்தை டாக்டர் உட்காரவைத்துப் பேசினார். அவனுக்கு ஆகாதது மீன் இல்லை, பசும்பால். நான் குடித்த சொம்புப் பாலின் துளி என் பால் வழியாக அவனுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. டின்னில் இருந்ததும் அதே பசும்பால்தான், நேராக. நான் பசும்பாலை விட்டுவிட்டு அவனுக்குத் தாய்ப்பாலைத் தொடர்ந்திருந்தால் பெரும்பாலும் போதுமாக இருந்திருக்கும் என்றார்.

மாமி விடவில்லை. "அப்ப இவ பாலுல ஒண்ணும் தப்பில்லையா டாக்டர்? தெருவுல எல்லாரும்தான் மாட்டுப் பாலு குடிக்கிறாங்க. அதுங்களுக்கெல்லாம் இப்டியா ஆச்சு?"

"அவங்க பால் கெட்டது இல்லம்மா" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். தாய்ப்பாலில் உள்ள எதிர்ப்பொருள்கள் கிருமியை மட்டும் தடுப்பதில்லையாம். குடலில் பூச்சு மாதிரி படிந்து, வெளிச் சாப்பாட்டின் புரதத்தையும் சட்டென்று உள்ளே விடாமல் பார்த்துக்கொள்ளுமாம். பசும்பால் ஆகாத சில பிள்ளைகளின் தாய்மார்களிடம் அந்த எதிர்ப்பொருள் குறைவாக இருந்ததாக வெளிநாட்டில் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் வருகிறது என்று யாரும் முடிவாகச் சொல்லவில்லை, உங்கள் பாலைச் சோதித்துப் பார்க்கவும் இங்கே வசதியில்லை, இதை மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்றார். இத்தனையும் சொன்னார். எனக்குக் 'குறைவு' என்ற ஒரு சொல்தான் வீடு வரை வந்தது. மாமிக்கும் அதுதான் வந்தது.

சோயா பால் கொடுத்தோம், வாந்தி. வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு மாவு இருக்கிறதாம், கிடைக்கும்போது கிடைக்கும். திரும்பப் பால் ஊறுமா என்று மாரில் போட்டுப் பார்க்கிறேன். இழுத்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான். ஐந்து மாதப் பிள்ளைக்கு மூன்று மாதத்து எடை. பசும்பால் தொடாத வேறு தாய் யாராவது கொடுத்தால் நல்லது என்று டாக்டர் சொன்னார். தெரு முழுக்கக் கேட்டோம். பால் டீ குடிக்காத பொம்பளை யார் இருக்கிறார்கள்?

மாமியே உன் பேரை எடுத்தார். "ஒங் கூட்டாளி கருப்பு டீ குடிக்கிறவதானே?" என்று தொடங்கினார், பிறகு அவரே நிறுத்திக்கொண்டார். "வேணாம். அவ பாலு குட்த்தா அந்தப் பொண்ணு இவனுக்கு அக்கா தங்கச்சி மொறை ஆய்டும். அப்பறம் கட்ட முடியாது." நம் விளையாட்டுப் பேச்சை அவர் உண்மையாகவே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் உன்னிடம் கேட்கவில்லை, ரஷீதா. உன் பால் ஜைனபுக்கு. நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். பொங்கல் விடுமுறையில் கம்பெனிகள் ஓடவில்லை. ஊர் இவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. அவன் முனகுவது தெரு வரைக்கும் கேட்கிறது.

சமீனா


பழவேற்காடு
18.1.2003

அன்புள்ள சமீனாவுக்கு,

ஸலாம். உன் கடிதம் இன்று காலை வந்தது. நாளை மறுநாள் துளசிராமன் அண்ணனின் வண்டியில் நான் வருகிறேன். அவன் திடமாகிற வரைக்கும் உன் வீட்டில் இருப்பேன். உன் டாக்டர் என் ரத்தத்தைச் சோதிக்கக் கேட்டால் கொடுக்கிறேன்.

உன் மாமி சொன்னது சரி. என் பாலைக் குடித்தால் அவன் ஜைனபுக்குத் தம்பி. அவளைக் கட்ட முடியாது. கட்டுவதற்கு அவள் இல்லை. நோன்பு பதினெட்டில் போய்விட்டாள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். பொன்னேரியிலிருந்து மெட்ராஸுக்குக் கொண்டுபோகும் வழியில், மீஞ்சூர் தாண்டும்போது என் மடியில்தான் இருந்தாள்.

உனக்கு எழுத உட்கார்ந்தேன். "பச்ச ஒடம்புக்காரிக்கு எழவுச் சேதி எழுதாத, பாலு திரிஞ்சிடும்" என்று என் மாமியார் பேனாவைப் பிடுங்கினார். நான் அதை நம்புகிறவள் இல்லை. ஆனால் உன் பால் மேல் ஏற்கெனவே எத்தனை பேருடைய கண். நானும் ஒன்று சேர்க்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

எனக்கும் மல்லிகைதான் கட்டினார்கள். யாரும் இல்லாதபோது அவிழ்த்துவிடுவேன். பிழிந்து தென்னை மரத்தடியில் ஊற்றுவேன். எதற்காக வற்றவிடாமல் வைத்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது. அவள் பாதி குடித்துவிட்டு வைத்தது போல இருந்தது.

என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு "போய்ட்டு வா" என்றார்.

அவள் நாலு மாதம்தான் இருந்தாள். இங்கே எங்களைத் தவிர அவளுக்கு யாரும் இல்லை. ஒரு தம்பியாவது இருக்கட்டும்.

நான் வரும்போது நீ அழக் கூடாது. அழுதால் திரும்பிவிடுவேன்.

ரஷீதா


பழவேற்காடு
27.4.2003

அன்புள்ள சமீனாவுக்கு,

ஸலாம். சுகமாக ஊர் வந்து சேர்ந்தேன். உன் மாமி கட்டிக் கொடுத்த டீத்தூள் பொட்டலம் அப்படியே இருக்கிறது. கருப்பு டீ போட்டுப் போட்டு அவருக்குக் கை பழகிவிட்டது, இனி யாருக்குப் போடுவார்?

அவன் கஞ்சியும் மீனும் நன்றாகச் சாப்பிடுகிறான். இனி என் பால் அவனுக்குத் தேவையில்லை. டாக்டர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. இப்போது கட்டாமலேயே வற்றிக்கொண்டிருக்கிறது.

நான் அவனுக்குப் பால் கொடுக்க உட்காரும் நேரங்களில் நீ மாடிக்குத் துணி எடுக்கப் போவாய். காயாத துணியைக்கூட எடுத்துக்கொண்டு வருவாய். நானும் பார்த்தேன். அதைப் பற்றி நாம் பேசாதது நல்லதுதான்.

கொஞ்ச காலம் அவனை இங்கே அழைத்து வராதே. நானும் வரவில்லை. என்னைப் பார்த்து அவன் கை நீட்டினால் நான் வேறு பெயரில் கூப்பிட்டுவிடுவேன். இரண்டு முறை கூப்பிட்டுவிட்டேன். நீ மாடியில் இருந்தாய்.

ரஷீதா


கும்மிடிப்பூண்டி
20.8.2003

அன்புள்ள ரஷீதாவுக்கு,

ஸலாம். நாங்கள் சுகம். உன் சுகத்தைக் கேட்கிறேன், பதில் எழுத வேண்டும் என்று இல்லை. மூன்று கடிதம் எழுதி அனுப்பாமல் கிழித்தேன். இதை அனுப்புகிறேன்.

நான் மாடிக்குப் போனது துணி எடுக்க இல்லை. ரோலிங் மில்லின் கரி படிந்த கொடியைப் பிடித்துக்கொண்டு, அவன் அழுகை எப்போது நிற்கும் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அது நின்றதும் எனக்கு உயிர் வரும். உடனே இன்னொன்றும் வரும், அதற்குப் பெயர் தெரியவில்லை. நான் படித்ததில் எங்கேயும் அதைப் பார்க்கவில்லை. நீ வேறு பெயரில் கூப்பிட்டது எனக்கும் கேட்டது. இப்போது நான் தனியாக இருக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன்.

மணவாளன் இப்போது எங்கள் வாசலில் மாட்டை நிறுத்துவதில்லை. முதல் நாள், "எம் மாட்டுப் பாலு இன்னா பாவம் பண்ணுச்சு பாயம்மா?" என்று கேட்டார். "ஒம் மாடு ஒண்ணும் பண்ல. நாங்கதான்" என்று மாமி கதவைச் சாத்தினார். வீட்டில் எல்லோருக்கும் கருப்பு டீதான். மாமனார் மட்டும் ஸ்டேஷன் பக்கம் போய்ப் பால் டீ குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறார்.

நேற்று இத்ரீஸை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒரு வயது ஆகிவிட்டது. பசும்பால் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கூடாது. அதற்குப் பிறகு பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளும் என்கிறார்கள். பழைய டாக்டர் இல்லை, சின்ன வயதுப் பெண் ஒருத்தி. இது குடும்பத்தில் ஓடுகிற விஷயம் என்று ஒவ்வொருவரையும் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். அப்பாவுக்கு உண்டா, இல்லை. அம்மாவுக்கு, இல்லை.

"கூடப் பிறந்தவங்க?"

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமி சொன்னார்.

"ஒரு அக்கா."

"அவங்களுக்கு எதாவது ஒத்துக்காம இருந்திருக்கா?"

"இல்ல. அதுக்கு எல்லாமே ஒத்துக்கிச்சு. நல்லாக் குடிக்கும்."

டாக்டர் பெண் எழுதிக்கொண்டே, "பேரு, வயசு?" என்றாள்.

"ஜைனபு" என்றார் மாமி. பிள்ளையின் காலைச் சேலையால் மூடிவிட்டார். "இவனுக்கு இருவது நாள் மூத்தவ."

டாக்டர் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "எழுதிக்கோங்க" என்றேன்.

சமீனா